மண்டபத்தில் வாங்கிய 18 அடி ஃபைபர் படகும் யமஹா 15 என்ஜினும்: ஒரு வருஷம் ஓட்டிய பிறகு

படகு கைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. 2009இல் கட்டிய 18 அடி ஃபைபர் படகு. அதோடு யமஹா எண்டியூரோ, 15 குதிரைசக்தி, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் என்ஜின். இரண்டும் சேர்த்து 1,10,000 ரூபாய். அப்புறம் அதன் மேல் போட்டது கிட்டத்தட்ட 60,000. புதுப் படகும் புது என்ஜினும் விசாரித்தபோது மூன்றரை லட்சத்துக்குக் குறையாது என்றார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நஷ்டமில்லை. ஆனால் வாங்கும்போது நான் எதைப் பார்த்தேன், எதைப் பார்க்காமல் விட்டேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய படகு வாங்கப் போகிற யாராவது படித்தால் என்ஜின் மாட்டுகிற பின்பலகையையாவது தட்டிப் பார்ப்பார்கள்.

நான் கடல்காரன் இல்லை. மதுரை செல்லூரில் லேத் பட்டறை வைத்து 22 வருஷம் ஆகிறது. பம்ப்செட் ஷாஃப்ட், பவர்லூம் சாமான், கரும்புச்சாறு மிஷின் உருளை, இப்படித்தான் வேலை. என் தங்கையைக் கொடுத்திருக்கிற ஊர் மண்டபம். மாப்பிள்ளை பதினைந்து வருஷமாக அடுத்தவர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். சொந்தமாகச் சின்னதாக ஒன்று வேண்டும், தூண்டில் போடவும் நண்டு வலை விடவும் போதும் என்றார். பணத்தில் பாதி நான். பதிவு அவர் பெயரில்.

வாங்கப் போன அன்று விற்பவர் என்ஜினைத் தண்ணீர் டிரம்மில் மாட்டித் தயாராக வைத்திருந்தார். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. மாப்பிள்ளை முகத்தில் சந்தோஷம். நான் சிலிண்டர் ஹெட்டில் கை வைத்துப் பார்த்தேன், சூடு நன்றாகவே இருந்தது. நாங்கள் இப்போதுதான் இழுத்தோம், அதற்குள் இவ்வளவு சூடு வராது. முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தார்கள். சூடான என்ஜின் சட்டென்று பிடித்துக்கொள்ளும், குளிர்ந்த என்ஜின்தான் உண்மையைச் சொல்லும். "டீ சாப்பிட்டுட்டு வந்து பாப்போம்ணே" என்று ஒரு மணி நேரம் கழித்து வந்து இழுத்தோம். நான்காவது இழுப்பில் பிடித்தது. அது சரியான கணக்குதான்.

சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அளக்கிற கம்ப்ரஷன் கேஜைத் தெருவில் இருக்கிற பைக் மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிப் போயிருந்தேன். இந்த என்ஜினின் பிளக்கும் பழைய ஸ்கூட்டர் பிளக்கும் ஒரே 14 மில்லிமீட்டர் மரை, அதனால் அப்படியே பொருந்தும். மேல் சிலிண்டர் 110 பவுண்டு, கீழ் சிலிண்டர் 105. எண் எவ்வளவு என்பதைவிட இரண்டுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் போரோ தேய்ந்து போயிருக்கும். இங்கே ஐந்து பவுண்டுதான். என்ஜினுக்கு அப்போதே மனதுக்குள் பாஸ் போட்டுவிட்டேன்.

தவறு அங்கேதான் நடந்தது. வந்த வேலை முடிந்துவிட்டதாக நினைத்துப் படகைச் சுற்றி ஒரு நடை நடந்து, பக்கவாட்டைத் தட்டிப் பார்த்து, பெயின்ட் புதிதாக இருக்கிறது என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். என்ஜின் மாட்டும் பின்பலகையை நான் தட்டவே இல்லை. கடலில் படகை உந்துகிற விசை முழுவதையும் தாங்குவது அந்தப் பலகைதான். அது உடைந்தால் என்ஜின் கடலுக்குள் போகும், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வரும்.

காகிதங்களைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை. படகின் மேல் ஐ.என்.டி. டி.என். 10 என்று தொடங்கும் எண்ணும் பதிவுச் சான்றில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா, என்ஜின் பிராக்கெட்டில் இருக்கிற சீரியல் எண்ணும் பழைய பில்லில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தோம். பெயர் மாற்றத்துக்கு மீன்வளத்துறை அலுவலகத்துக்கு மாப்பிள்ளை மூன்று நடை நடந்தார். அவ்வளவுதான்.

படகை மதுரைக்குக் கொண்டுவருவது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். லேத், வெல்டிங், டிரில் எல்லாம் என் கையில் இருக்கிற இடத்தில் வைத்துத்தான் பிரிக்க முடியும். ஒரு ஈச்சர் லாரி பேசி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த பாகத்தில் சிவப்புத் துணி கட்டி, ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை வழியாக ஏற்றி வந்தோம். சிலைமான் தாண்டி வீரகனூர் ரிங் ரோட்டுக்கு வந்ததும் ஒரு எடைமேடையில் லாரியை ஏற்றச் சொன்னேன். படகை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே மேடையில் காலி லாரியையும் எடை போட்டு டிரைவர் போனில் சீட்டு அனுப்பினார். வித்தியாசம் 520 கிலோ. அதில் என்ஜினும் டேங்க், கயிறு, நங்கூரமும் போக 460 கிலோ படகு. இந்த அளவுப் படகு கட்டுகிற ஒருவரிடம் போனில் கேட்டேன், 380க்கு மேல் வராது என்றார். அப்படியானால் மீதி 80 கிலோ என்ன? தண்ணீர். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை தளத்துக்கு அடியில், மிகத் தாழ்வான இடமாகப் பார்த்து 6 மில்லிமீட்டர் டிரில்லால் ஒரு ஓட்டை போட்டேன். பழுப்புத் தண்ணீர் நூலாக ஒழுகத் தொடங்கியது. மத்தியானம் வரை ஒழுகிக்கொண்டே இருந்தது. படகு மூழ்காமல் இருப்பதற்காக உள்ளே அடைத்த ஃபோம்தான் தண்ணீரைக் குடித்துக் கனமாகிக் கிடந்தது. எடைமேடைக் கூலி சில்லறைக் காசு. அது காட்டிக்கொடுத்ததை விற்பவரின் இடத்தில் வைத்து வேறு எந்தச் சோதனையும் காட்டியிருக்காது. படகை லாரியில் ஏற்றுகிற எவரும் முதலில் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

அதற்கப்புறம்தான் பின்பலகைக்குப் போனேன். என்ஜின் இல்லாத வெறும் பலகையை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால், நல்ல இடத்தில் கணீரென்று ஒரு சத்தம், கெட்ட இடத்தில் மாவுப் பையைத் தட்டுவது போலப் பொத்தென்று ஒரு சத்தம். போல்ட் ஓட்டைகளைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பொத்தென்றே கேட்டது. உட்புறம் 3 மில்லிமீட்டர் டிரில்லை மெதுவாக விட்டேன். நல்ல பலகையாக இருந்தால் வெளிர் நிறத்தில் உலர்ந்த தூள் வரும். எனக்கு வந்தது கறுத்த ஈரச் சக்கை. மேலே பட்டி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தார்கள். என் மாப்பிள்ளை இதை நம்பித் தனியாகக் கடலுக்குப் போயிருப்பார் என்று நினைத்தபோது கை நடுங்கியது.

உட்தோலைக் கிரைண்டரால் அறுத்து எடுத்தேன். உள்ளே இருந்த பிளைவுட் ஊறிப்போன வறட்டி மாதிரிக் கையோடு வந்தது. மரத்தைத் தண்ணீர் தின்றது போல்ட் ஓட்டை வழியாகத்தான். முதலில் போட்டவர் பிளைவுட்டில் நேரடியாக ஓட்டை போட்டு போல்ட்டை முறுக்கியிருக்கிறார். சீலன்ட் காய்ந்து விரிசல் விட்டதும் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது.

புதுப் பலகைக்கு மெரைன் பிளை வாங்கினேன். ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வீட்டு அலமாரிக்குப் போடுகிற ஐ.எஸ். 303 வகையையும் சில கடைகளில் வாட்டர்ப்ரூஃப் என்றே சொல்லிக் கொடுப்பார்கள், அது படகுக்கு ஆகாது. 18 மில்லிமீட்டர் பலகை இரண்டை ரெசினில் ஒட்டி 36 மில்லிமீட்டர் ஆக்கி, ஓரமெல்லாம் ரெசின் குடிக்கவிட்டு மூடினேன். போல்ட் போடுகிற இடத்தில் தேவையான அளவைவிடப் பெரிய ஓட்டை போட்டு, அதைத் தூள் கலந்த கெட்டி ரெசினால் அடைத்து, காய்ந்த பிறகு நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளைத்தேன். இப்போது சீலன்ட் போனாலும் தண்ணீருக்கு மரம் எட்டாது, ரெசின் குழாய்தான் எட்டும். இதற்கு ஒரு நாள் கூடுதலாக ஆனது. இந்தப் படகில் நான் செய்த வேலைகளிலேயே எனக்கு நிறைவு தந்தது இதுதான்.

ரெசின் வாங்கியது சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில். கடைக்காரத் தம்பிக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுப்பேன். பாலியெஸ்டர் ரெசினோடு கோபால்ட் ஆக்சிலரேட்டர் ஒரு பாட்டில், ஹார்டனர் ஒரு பாட்டில் கொடுத்தார். இரண்டையும் ஒரே பையில் போடவில்லை. "அண்ணே, இது ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கவே கூடாது. மொதல்ல ஆக்சிலரேட்டர ரெசின்ல நல்லாக் கலக்கிருங்க, அப்பறந்தான் ஹார்டனர்" என்று இரண்டு தடவை சொன்னார். நேரடியாக ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் வெடிக்கும். கூடவே மதுரை வெயிலுக்கு ஹார்டனரைக் குறைத்துப் போடச் சொன்னார். முதல் நாள் பதினோரு மணிக்குக் கலக்கினேன், எட்டு நிமிஷத்தில் மக்குக்குள்ளேயே கட்டியாகிப் புகைந்தது. அதற்கப்புறம் விடிகாலை ஐந்தரைக்கே ஆரம்பித்து ஏழரைக்குள் முடித்துக்கொண்டேன். மாஸ்க் இல்லாமல் அந்த நெடியில் நிற்கக் கூடாது. பக்கத்தில் தெர்மோகோல் வைக்கக் கூடாது, அந்த ரெசின் பட்டால் அது கரைந்தே போகும். தளத்துக்கு அடியில் பழைய ஃபோமைத் தோண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் தெர்மோகோல் வைக்கலாமா என்று யோசித்திருந்தேன், நல்லவேளை கேட்டேன். தண்ணீர் குடிக்காத வகை ஃபோம் பலகை வாங்கி, அடியில் தண்ணீர் வழிந்தோட இடைவெளி விட்டு அடுக்கி, மேலே திறந்து பார்க்கிற மாதிரி இரண்டு வட்ட மூடி வைத்தேன்.

ஒன்று விட்டுவிட்டேன். புது ரெசின் போடும் முன் படகின் உள்ளே நல்ல தண்ணீரால் நான்கைந்து முறை கழுவி மூன்று வாரம் சாய்த்துக் காயப்போட்டேன். உப்பு தங்கியிருந்தால் அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் முழுக்கக் காயாது.

இப்போது என்ஜின். நான் வாங்கிய பொருளில் கையெடுத்துக் கும்பிட வேண்டியது இதுதான். வயது தெரிகிறது, ஆனால் அடிப்படை கெடவில்லை. கெட்டிருந்ததெல்லாம் அதைச் சுற்றிப் பராமரிக்காமல் விட்ட சாமான்கள்.

முதலில் கீழ்ப்பகுதி கியர் பெட்டி. அடி ஸ்க்ரூவைக் கழற்றி எண்ணெயை வடித்தால் ஆறிப்போன டீ நிறத்தில் வந்தது. எண்ணெயோடு தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரைத் தள்ளிப் படகை ஓட்டுகிற ஃபேனைக் கழற்றினேன். அதன் பின்னால் ஷாஃப்ட்டைச் சுற்றித் தங்கூசி நரம்பு கம்பளிப் பூச்சி மாதிரிச் சுருண்டு கிடந்தது. வலை, தூண்டில் நரம்பு இப்படிச் சுற்றும்போது அது ஆயில் சீலுக்குள் அறுத்துக்கொண்டு போகும். சீல் போனால் உள்ளே உப்புத் தண்ணீர், அப்புறம் பேரிங், அப்புறம் கியர். ஃபேனை மாதம் ஒரு தடவை கழற்றிப் பார்த்தால் போதும், ஒரு பின்னும் ஒரு நட்டும்தான்.

ஆயில் சீல் என் தொழில். ஷாஃப்ட்டைத் துடைத்து விரல் நகத்தை ஓட்டினால் பழைய சீல் உரசிய இடத்தில் மெல்லிய பள்ளம் தட்டுப்பட்டது. புது சீலை அதே இடத்தில் அடித்தால் பள்ளத்தில்தான் உட்காரும், ஆறு மாதத்தில் மறுபடி ஒழுகும். ஒன்றரை மில்லிமீட்டர் முன்னால் தள்ளி உட்கார வைத்தேன், சீல் உதடு தேயாத உலோகத்தில் நிற்கிறது. பிறகு எண்ணெய் ஊற்றும் முன் வடிகால் மரைக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு நிப்பிள் கடைந்து, அதில் சைக்கிள் டியூப் வால்வைப் பற்ற வைத்து, சைக்கிள் பம்பால் பத்து பவுண்டு காற்று அடித்து, கியர் பெட்டியை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அரை மணி நேரம் அழுத்தம் அப்படியே நின்றது. கியர் எண்ணெய் ஊற்றும்போது கீழ் ஓட்டையிலிருந்து மேலே ஏற்ற வேண்டும், மேல் ஓட்டையில் வழிகிற வரை. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு பாதிதான் நிரம்பும்.

ஃபேனுக்கு மேலே இருக்கிற துத்தநாகக் கட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தெரியாமலேயே நிறையப் பேர் என்ஜினைக் கெடுக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் அலுமினியமும் ஸ்டீலும் சேர்ந்து நின்றால் அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் அலுமினியம் அரித்துப் போகும். அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே வைத்ததுதான் அந்தக் கட்டி. ஆகவே பாதி தின்னப்பட்ட கட்டி நல்ல கட்டி, வேலை செய்திருக்கிறது. எங்கள் என்ஜினில் அது புத்தம்புதிதாக இருந்தது. உற்றுப் பார்த்தால் அதன் மேலும் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் அடித்த கட்டி இருந்தும் இல்லாததுதான். அதன் விளைவு பக்கத்தில் தெரிந்தது, கியர் பெட்டியின் ஓரத்தில் அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்து இரண்டு குழி. பட்டறையில் கிடந்த துத்தநாகத்தில் நானே ஒன்று கடைந்து போட்டுவிடலாம் என்று கை துறுதுறுத்தது. ஆனால் அதற்கென்று தனிக் கலவை இருக்கிறது, இரும்பு கொஞ்சம் கூடுதலாகக் கலந்திருந்தாலும் மேலே படலம் கட்டிக் கரையாமல் நின்றுவிடும். எனவே கடையில்தான் வாங்கினேன்.

என்ஜினை ஆற்றுகிற கடல்தண்ணீரை மேலே தள்ளும் பம்பின் இம்பெல்லர் ரப்பரில் ஆறு இதழில் ஒன்று இல்லை, மற்றவை ஒரே பக்கமாக வளைந்து விறைத்திருந்தன. புதிது போட்ட பிறகும் பின்னால் பீய்ச்சுகிற தண்ணீர் மெலிதாகவே வந்தது. அந்தக் காணாமல் போன இதழ் எங்கே போயிருக்கும்? மேலே குழாயில்தான். குழாயைக் கழற்றியதும் அது விழுந்தது. கூடவே தெர்மோஸ்டாட்டில் உப்பு கல்லாகக் கட்டியிருந்தது. இரண்டையும் சுத்தம் செய்ததும் பென்சில் தடிமனுக்குத் தண்ணீர் பாய்ந்தது. உடைந்த இம்பெல்லரை மாற்றுகிறவர்கள் உடைந்த துண்டு எங்கே என்று தேடாமல் மூடிவிடக் கூடாது.

எரிபொருள் பக்கம் பழைய ஹோஸ், அமுக்குகிற ரப்பர் பல்ப், டேங்க் வாய் வாஷர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது இளக்கிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடற்கரையில் கேட்கவே வேண்டாம். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும். நாம் கலந்த டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் மேலே பெட்ரோலோடு நிற்கும். என்ஜின் உறிஞ்சுவது அடியிலிருந்து. எண்ணெய் இல்லாத திரவம் உள்ளே போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதுவும் நடுக்கடலில். அதனால் எங்கள் வீட்டில் இப்போது கலந்த பெட்ரோல் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. மிச்சமிருந்தால் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்து அடியில் கோடு விழுகிறதா என்று பார்த்துத்தான் ஊற்றுகிறார்கள்.

எண்ணெய் விஷயத்தில் மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். பைக் 2டி ஆயில் மலிவு, அதையே ஊற்றினால் என்ன என்றார். பைக் என்ஜின் காற்றில் ஆறுவது, சூடு அதிகம். படகு என்ஜின் கடல்தண்ணீரில் ஆறுவது, சூடு குறைவு. பைக் எண்ணெயில் இருக்கிற சாம்பல் சத்து இதில் முழுக்க எரியாமல் பிளக்கிலும் ரிங்கிலும் படியும். டப்பாவில் டி.சி.-டபிள்யூ3 என்று போட்டிருக்கிற எண்ணெய்தான் வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி. தங்கை ஒரு மருந்து மூடியில் கோடு போட்டு அளவு வைத்திருக்கிறாள்.

அவளைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுகிறவர் உடம்பில் மாட்டிக்கொள்கிற, உருவினால் என்ஜினை அணைக்கிற கில் சுவிட்ச் கயிற்றை டிரம்மில் சோதித்தபோது, கயிற்றை உருவினாலும் என்ஜின் நிற்கவில்லை. மூடியைத் திறந்தால் வயரை வெட்டி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். தனியாகப் போகிற ஆள் தவறி விழுந்தால் படகு அவரை விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். போனில் இதைச் சொன்னபோது தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அண்ணே, அவரு தனியாத்தான் போவாரு. எனக்குப் பெயின்ட்டெல்லாம் வேணாம், இத மட்டும் பாத்துச் செஞ்சு குடுங்க" என்றாள். புது சுவிட்ச், புது வயர், புதுக் கயிறு. லைஃப் ஜாக்கெட் நான் வாங்கிக் கொடுத்தேன்.

கார்த்திகையில் வேலை முடிந்தது. மறுபடி எடை போட்டோம், படகு மட்டும் 385 கிலோ. கடலுக்கு அனுப்பும் முன் ஒரு தடவை மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய் அந்த வருஷம் பெரியாற்றுத் தண்ணீரில் நிறைந்து கிடந்தது. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையின் தண்ணீர், மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டியது, சுரங்கம் வழியாக வைகைக்கு வந்து, வாய்க்காலில் எங்கள் ஊர் வரைக்கும் வருகிறது. அம்பலகாரரிடம் கேட்டோம். "மிதக்க விடுங்கப்பா, ஆனா மாடு குடிக்கிற தண்ணி. ஒரு சொட்டு எண்ணெய் விழக் கூடாது" என்றார். அது நியாயம். எரிபொருள் டேங்க்கைக் கரையிலேயே வைத்துவிட்டு, என்ஜினை மாட்டி மட்டும் விட்டு, ஆறு பேர் ஏறி உட்கார்ந்தோம். ஊர்ப் பிள்ளைகள் பூராவும் கரையில். இரவு முழுக்க அங்கேயே கட்டிப் போட்டு நானும் பெரியப்பா மகனும் காவல் கிடந்தோம். விடிந்ததும் வட்ட மூடிகளைத் திறந்து கையை விட்டேன். காய்ந்திருந்தது. பின்பலகை ஓரத்தைத் தடவினேன், அங்கேயும் காய்ந்திருந்தது.

மார்கழியில் மண்டபம் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடா பக்கம் இறக்கினோம். வாடை வீசுகிற மாதங்களில் பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்று வீசுகிற கச்சான் காலத்தில் அப்படியே மாறும், அப்போது படகை வடகடலுக்கு மாற்றிக்கொள்கிறார்.

ஒரு வருஷ ஓட்டத்தில் என் மதிப்பீடு இது. என்ஜினுக்கு ஐந்துக்கு நாலரை. ஒரு நாள்கூடக் கடலில் நிற்கவில்லை. பாகங்கள் ராமநாதபுரத்திலும் கிடைக்கின்றன, மதுரையிலும் கிடைக்கின்றன, பிரித்துப் பூட்டச் சிறப்புக் கருவி அதிகம் வேண்டாம். அரை மதிப்பெண் குறைப்பது டூ-ஸ்ட்ரோக் என்பதால். முழு வேகத்தில் மணிக்கு ஆறு லிட்டருக்கு மேல் குடிக்கிறது, பாதி வேகத்தில் போனால்தான் கட்டுபடியாகிறது. படகுக்கு, வாங்கிய நிலையில் ஐந்துக்கு இரண்டு. இப்போதிருக்கிற நிலையில் நாலு. அடியில் மணலில் இழுத்து இழுத்துத் தேய்ந்த இடத்துக்கு இன்னொரு அடுக்கு ஃபைபர் மேட் போட வேண்டியிருக்கிறது.

பராமரிப்பில் எங்களுக்கு இருந்த பெரிய சிக்கல் தண்ணீர். ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் என்ஜினை நல்ல தண்ணீரில் பத்து நிமிஷம் ஓட்டி உப்பை வெளியேற்ற வேண்டும். புத்தகத்தில் இது ஒரு வரிதான். ஆனால் தங்கை வீட்டில் நல்ல தண்ணீரை விலைக்குத்தான் வாங்குகிறார்கள், கிணற்றுத் தண்ணீரே கரிக்கும். 200 லிட்டர் டிரம்மை நிரப்பு என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு மாதம் பாதி நாள் கழுவாமலே விட்டிருக்கிறார்கள், எனக்குச் சொல்லவில்லை. போய்ப் பார்த்தபோது பீய்ச்சுகிற தண்ணீர் மறுபடி மெலிந்திருந்தது.

திரும்பி வந்து என்ஜினின் கீழ்ப்பகுதி அளவுக்கு அட்டையில் ஒரு அச்சு வெட்டி, மிச்சமிருந்த ஃபைபர் மேட்டிலும் ரெசினிலும் குறுகலாக உயரமாக ஒரு தொட்டி செய்தேன். ஃபேனைக் கழற்றிவிட்டு இறக்கினால் சுற்றி நான்கு விரல் இடம்தான் இருக்கும். 45 லிட்டரில் தண்ணீர் எடுக்கிற வாய் முழுகிவிடுகிறது. என்ஜின் பீய்ச்சுகிற தண்ணீர் தொட்டிக்குள்ளேயே திரும்ப விழுகிற மாதிரி ஒரு தகடும் வைத்தேன். ஒரே தண்ணீரை மூன்று நாள் பயன்படுத்துகிறார்கள். நாக்கில் வைத்துப் பார்த்துக் கரித்தால் மாற்றிவிடுகிறார்கள். கடைசியில் எரிபொருள் ஹோஸைக் கழற்றிவிட்டு கார்புரேட்டரில் இருக்கிறது தீர்ந்து தானாக அணைகிற வரை ஓடவிட்டு நிறுத்துகிறார்கள். பெரிய மகள் எட்டாவது படிக்கிறாள், தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கிற வேலை அவளுடையது. அந்தத் தொட்டி செய்த பிறகு ஐந்து மாதத்தில் ஒரு நாள்தான் விட்டுப்போயிருக்கிறது, அன்று ஊரில் திருவிழா.

போன வாரம் போயிருந்தேன். கியர் எண்ணெயை ஒரு சொட்டு வடித்துப் பார்த்தோம், தேன் நிறத்தில் தெளிவாக இருக்கிறது. துத்தநாகக் கட்டி மூன்றில் ஒரு பங்கு கரைந்திருக்கிறது, தை வரைக்கும் தாங்கும். பின்பலகையைத் தட்டினேன், கணீரென்றது. இம்பெல்லர் மட்டும் இந்த மாதம் மாற்ற வேண்டும். வாங்கிப் பட்டறை மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும்.